கேட்காத பாதி

செவ்வாய், காலை 10.20.

தலைவரின் அலுவலகத்தில் தபால் பிரிக்கும் குமாஸ்தா, அன்றைய நாற்பதாவது உறையைக் கிழித்தார். உள்ளே இருந்தது கடிதத்தாள் அல்ல. படச்சட்டங்களின் முதுகில் ஒட்டுகிற தடித்த பழுப்புத் தாள், நான்காக மடித்திருந்தது. தச்சுப் பென்சிலால் கொட்டை எழுத்துகள்.

"தலைவரே, உங்கள் காதின் ரகசியம் எனக்குத் தெரியும். அன்று ஆஸ்பத்திரியில் பிழைத்துக்கொண்டீர்கள். வெள்ளிக்கிழமை திறப்பு விழாவில் பிழைக்க மாட்டீர்கள்."

குமாஸ்தா தலையில் கை வைத்துக்கொண்டார். தலைவரின் காதைப் பற்றிப் பேசுகிறவர் நகரத்தில் ஒரே ஆள்தான். குமாஸ்தாவின் கல்யாணப் படத்துக்குச் சட்டம் போட்டவரும் அவரே.

பகல் 12.40.

அண்ணனும் தம்பியும் நடத்தும் படச்சட்டக் கடைக்குள் காவலர்கள் நுழைந்தபோது, காதுக்காரர் என்று எல்லோரும் கூப்பிடும் அந்தத் தம்பி, தலைவரின் படத்துக்குத்தான் சட்டம் பொருத்திக்கொண்டிருந்தார். வெள்ளிக்கிழமை தலைவர் திறக்கப்போகும் புது ஆஸ்பத்திரிக்கான படம். பசை காயும்வரை கையை எடுக்க முடியாது, இரண்டு நிமிடம் பொறுக்க முடியுமா என்று கேட்டார். பொறுத்தார்கள். கண்ணாடி அறுக்கும் மேஜையருகே நின்ற அண்ணன், எத்தனை தடவை எச்சரித்தும் இவன் கேட்கவில்லை என்று காவலர்களிடம் வருத்தப்பட்டார்.

வழக்கு, பொறுமை மேடத்திடம் வந்தது. யார் பேசினாலும் குறுக்கிடாத பழக்கத்தால் அந்த இன்ஸ்பெக்டருக்கு நிலையத்தில் அப்படியொரு பெயர். அரசு வக்கீல் தொலைபேசியில் கறாராகச் சொல்லிவிட்டார்: தலைவருக்குக் கொலை மிரட்டல் என்றால் ஏழு வருஷம் வரை சிறை. எதையோ நம்பி எழுதினேன் என்பது சாக்கு ஆகாது. விளையாட்டுக்கு எழுதினேன் என்பதும் ஆகாது. வியாழன் காலை பத்து மணிக்கு ஆள் நீதிமன்றத்தில் நிற்க வேண்டும்.

பிற்பகல் 3.00.

இன்ஸ்பெக்டர் ஒரு நொடி கண்ணை மூடிக் கடவுளை நினைத்துக்கொண்டார். பிறகு கைதிக்கு ஒரு டம்ளர் தண்ணீர் வைத்தார்.

"காது விஷயத்த சொல்லுங்க. முழுசா."

காதுக்காரர் அவரை நம்பாமல் பார்த்தார். போலீஸ் கேட்டு அவர் கதை சொல்வது இதுதான் முதல் தடவை. தொடங்கினார். இருபது வருஷமாகத் தலைவர் படத்துக்குச் சட்டம் போடுகிறார். பழைய படங்களில் காதுமடலின் கீழ்நுனி தனியாகத் தொங்கும். மூன்று வருஷத்துக்கு முன் தலைவருக்கு ஒன்பது மணி நேரம் இதய ஆபரேஷன் நடந்தது. அதற்குப் பிந்திய படங்களில் நுனி கன்னத்தோடு ஒட்டியிருக்கிறது.

"அப்புறம்?"

"அப்புறம் என்ன மேடம். அவர் அந்த ஆபரேஷன் மேஜையிலேயே போயிட்டார். இப்ப இருக்கறவர் வேற யாரோ. அவர் மேல எனக்குக் கோபமில்ல, அவரும் சம்பளத்துக்கு வந்தவர்தானே."

அவர் கண் கலங்கியது. தலைவர் வெறும் வக்கீலாக இருந்த காலத்தில், தன் அப்பா படத்துக்குச் சட்டம் போடக் கடைக்கு வந்தாராம். காதுக்காரர் கைதவறிக் கண்ணாடி உடைந்தது. வக்கீல் கோட்டோடு தரையில் உட்கார்ந்து கூடவே சில்லுகளைப் பொறுக்கினாராம்.

"அப்பேர்ப்பட்ட மனுஷன் செத்ததுக்கு ஒருத்தரும் அழலையே மேடம்."

இன்ஸ்பெக்டருக்குச் சிரிப்பு வரவில்லை. இந்தக் கதை யாருக்கெல்லாம் தெரியும் என்று கேட்டார். வாடிக்கையாளர் எல்லோருக்கும் தெரியும். கதை முடியும்வரை அவர் படத்தைக் கையில் கொடுப்பதில்லை. அண்ணனுக்கு மட்டும் பிடிக்காது, தான் வாயைத் திறந்தாலே கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு பின்னறைக்குப் போய்விடுவார் என்றார்.

மாலை 4.30.

அடுத்த தெருவில் போட்டிக் கடை. அங்கேயும் அதே பழுப்புத் தாள், அதே பென்சில். ஆஸ்பத்திரிப் படத்துக்கான வேலை தன் கைக்கு வராமல் போன வயிற்றெரிச்சலை முதலாளி மறைக்கவில்லை. தன்னுடைய கடையில் கண்ணாடி பளபளக்கிறது, கூட்டம் என்னவோ அந்தக் காதுக்கடைக்குத்தான் போகிறது என்று பொருமினார். பிறகு காதுக்காரரைப் போலவே கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அவர் மேஜையிலேயே போயிட்டார் மேடம்" என்று நடித்தும் காட்டினார். இன்ஸ்பெக்டர் குறிப்பேட்டில் ஒரு வரி எழுதினார்.

புதன், காலை 9.15.

சகோதரர்களின் அம்மா இரண்டு வருஷமாகப் படுக்கையில் இருந்தார். மகன்கள் இருவருக்கும் கல்யாணம் ஆகவில்லை. தலைமாட்டில் மாத்திரைகள் வேளைவாரியாக அடுக்கியிருந்தன. எல்லாம் பெரியவர் கை வேலை. தலையணை உறைகூடச் சுருக்கமில்லாமல் இருந்தது.

"சின்னவன் எப்பம்மா வருவான்?" என்று கேட்டார் அம்மா. ராத்திரி முழுக்கக் கேட்டாராம். பெரியவர் எழுந்து வெந்நீர் வைக்கப் போனாராம்.

தினமும் ஏழு மணிக்குச் சின்னவர் வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, காது விஷயம் உட்படக் கதை அளப்பார். அந்த அரைமணிக்காகத்தான் பகலைத் தள்ளுவதாகச் சொல்லி அம்மா சிரித்தார். பெரியவரும் கூட இருப்பாரா என்று இன்ஸ்பெக்டர் கேட்டார்.

"அவன் எங்க? தம்பி ஆரம்பிச்சதுமே தட்டை எடுத்துட்டு அடுக்களைக்குப் போயிடுவான். பாத்திரம் தேய்க்கலைன்னா அவனுக்கு இருப்புக் கொள்ளாது."

பகல் 12.00.

நிலையத்தில் அண்ணன் நேராக உட்கார்ந்திருந்தார். சட்டைக் கையை ஒரே அளவில் மடித்திருந்தார்.

"உங்க தம்பி என்ன நம்புறார்?"

"பைத்தியக்காரத்தனம் மேடம். ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வந்ததுலேருந்து தலைவருக்குக் காது மாறிடுச்சாம்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன? ஆபரேஷன் சாக்குல முகத்த மாத்திட்டு எதையோ மறைக்கிறாராம். அவ்வளவுதான்."

"அவ்வளவுதானா?"

அவர் ஆமாம் என்று தலையசைத்தார். இன்ஸ்பெக்டர் பழுப்புத் தாளை மேஜைமேல் விரித்தார்.

"தலைவர் ஆஸ்பத்திரியிலேயே செத்துட்டார்னுதான் உங்க தம்பி நம்புறார். மூணு வருஷமா அதுக்காக அழறார். இதுல என்ன எழுதியிருக்கு பாருங்க. 'அன்று ஆஸ்பத்திரியில் பிழைத்துக்கொண்டீர்கள்.' அவர் கையால இந்த வரி வராது. போட்டிக் கடைக்காரரும் எழுதியிருக்க மாட்டார், அவருக்குக் கதை மனப்பாடம். குமாஸ்தாவுக்குத் தெரியும், உங்க அம்மாவுக்குத் தெரியும். கடைச் சாவியும் இந்தத் தாளும் கையில இருந்தும், காதுக்கு மேல ஒண்ணும் தெரியாதவர் நீங்க ஒருத்தர்தான். ஒரு தடவையாவது கடைசிவரைக்கும் கேட்டிருந்தா, இந்தக் கடிதத்துல உங்கள என்னால கண்டுபிடிச்சிருக்கவே முடியாது."

மடித்த சட்டைக் கை மெல்ல அவிழ்ந்தது. அவர் அதைச் சரிசெய்யவில்லை.

"கொல்ற எண்ணமெல்லாம் இல்ல மேடம். தம்பிய நாலு நாள் உள்ள வச்சு மிரட்டி அனுப்புவாங்கன்னு நெனச்சேன்."

"எழுதி அனுப்பினாலே குற்றம். மனசுல என்ன இருந்ததுன்னு நீதிபதிகிட்டதான் சொல்லணும். தம்பி மேல பழி போட்டது தனிக் குற்றம்."

அவர் பழுப்புத் தாளை மேஜை ஓரத்துக்குத் தள்ளினார். "கடையில, 'தம்பி இல்லையா?' வீட்டுல, 'சின்னவன் வந்துட்டானா?' ரெண்டு வருஷமா மருந்து கொடுக்கறது நான். அந்த நாலு நாளாவது அம்மா என்னைக் கேப்பாங்கன்னு பாத்தேன்."

மாலை 6.00.

காதுக்காரரை விடுவித்தார்கள். ஆனால் அவர் பெஞ்சை விட்டு எழவில்லை. அண்ணன் செய்ததைச் சொன்னபோது முகத்தைப் பொத்திக்கொண்டார். பிறகு அண்ணனை அடைத்திருந்த கம்பிக்கு அருகே போனார்.

"அண்ணே, அம்மாவுக்கு எந்த மாத்திரை எந்த வேளைக்கு? எனக்கு ஒண்ணும் தெரியாதே."

அண்ணன் சொல்லச் சொல்ல அவர் உள்ளங்கையில் எழுதிக்கொண்டார். வெள்ளை மாத்திரையைப் பொடித்துக் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் அம்மாவுக்குத் தொண்டையில் சிக்கும்.

இரவு 7.10.

இன்ஸ்பெக்டர் தன் ஜீப்பிலேயே அவரை வீட்டில் கொண்டுவிட்டார். அம்மா சின்னவரின் கன்னத்தைத் தடவினார். அவர் மாத்திரையைப் பொடித்துத் தண்ணீரில் கரைத்து, சட்டையிலும் கொஞ்சம் சிந்தி, ஒருவழியாகக் கொடுத்து முடித்தார். அம்மா வாயைத் துடைத்துக்கொண்டு வாசலைப் பார்த்தார்.

"பெரியவன் எங்கடா? இன்னும் காணோமே."

இந்த ஒரு வரிக்கு வழக்குக் குறிப்பில் இடமில்லை. தண்டனையில் ஒரு நாளைக்கூட அது குறைக்கப்போவதில்லை. இருந்தாலும் பொறுமை மேடம் தன் வீட்டுக்குப் போகவில்லை. ஜீப்பை நிலையத்துக்கே திருப்பச் சொன்னார். கம்பிக்குப் பின்னால் தலை கவிழ்ந்து உட்கார்ந்திருந்தவர் முன் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு, அம்மா கேட்டதை அப்படியே சொன்னார்.