கல்லறைக்குக் கொடுத்த பெயர்

மன்ஸிக்கு மட்டும் தேநீர் வரவில்லை.

ஆற்றில் போய்க்கொண்டிருந்த பாய்ப்படகின் மேல்தளத்தில் மற்ற எல்லாருக்கும் வந்துவிட்டது. பெல்ஜியத்திலிருந்து வந்திருந்த லீவா அம்மாளுக்கு வந்தது. அவள் புருஷன் யோரிஸுக்கு வந்தது. சுக்கான் கட்டையில் சாய்ந்து கிடந்த, எல்லாரும் ரய்யிஸ் என்று கூப்பிடுகிற படகுத்தலைவன் ஸனூஸிக்குக்கூட, அரைக் கோப்பை சர்க்கரையோடு வந்தது. சமையல்காரன் துஸூகி தட்டை ஏந்திக்கொண்டு மன்ஸியின் நாற்காலிவரை வந்தான். எதையோ மிதித்துவிடப் போகிறவன் மாதிரி காலை அகட்டி வைத்து ஒதுங்கினான். படியிறங்கிப் போய்விட்டான்.

"டேய் துஸூகி! கண்ணு அவிஞ்சுபோச்சா உனக்கு?"

கீழே பாத்திரம் கழுவும் சத்தம் தொடங்கியது.

கொழுப்பு, என்று நினைத்துக்கொண்டான் மன்ஸி. அவனுக்கு எல்லார் மேலும் இளக்காரம். வழிகாட்டி வேலையில் தலை நரைத்தவன் அவன். செத்துப் பல்லாயிரம் வருஷமான பிணங்களைப் பார்க்கக் கடல் தாண்டி வந்து, மூக்குத் தோல் உரிய வெயிலில் வெந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஊர் திரும்பும் வெள்ளைக்காரர்கள் முட்டாள்கள். படகுக்காரர்கள் மாடுகள். அந்தப் பழைய ராஜாக்களும் பிரபுக்களும் இருக்கிறார்களே, அவர்கள் செத்த பிறகும் சோறு கேட்டுச் சுவரில் எழுதிவைத்த பிச்சைக்காரப் பயல்கள். இத்தனை இளக்காரத்திலும் பெரிய இளக்காரத்தை அவன் தன் பெயருக்கென்று ஒதுக்கிவைத்திருந்தான்.

மன்ஸி என்றால் மறக்கப்பட்டவன். அவனுக்கு முன்னால் பிறந்த ஆண் குழந்தைகள் ஒவ்வொன்றாகச் செத்துப்போக, அவன் அம்மா அந்தப் பக்கத்து வழக்கப்படி, கண்ணேறு படாமலிருக்க, சாவு இவனையாவது மறந்து தொலையட்டும் என்று வைத்த பெயர். பள்ளிக்கூடத்தில் "மறந்துபோனவனே, வந்துட்டியா?" என்று கேட்டே கொன்றார்கள். பயணிகளிடம் அவன் மேக்ஸ் என்றுதான் சொல்லிக்கொள்வான்.

இன்றைக்கு அந்தப் பெயர் விஷயமாகத்தான் அவனுக்கு ஊரில் வேலை இருந்தது. மகன் ரஷ்வானுக்குப் பிள்ளை பிறந்து ஏழாம் நாள். சாயங்காலம் பெயர் வைக்கிறார்கள். மெழுகுவர்த்திக்கு ஒரு பெயராகச் சொல்லி ஏற்றி, கடைசிவரை அணையாமல் நிற்பதன் பெயரைப் பிள்ளைக்கு வைப்பது வழக்கம். "ஒண்ணுக்குத் தாத்தா பேரைத்தான் வெப்பேன்" என்று ரஷ்வான் ஒற்றைக்காலில் நின்றான். "என்னோட போகட்டும்டா அந்தப் பீடை. நான் வந்து வேற பேரு வெக்கறேன்" என்று இவன் திட்டியிருந்தான். ஊர்த் துறையில் படகை நிறுத்துவதாக ஸனூஸி ஒத்துக்கொண்டிருந்தான். பேரனை அவன் இன்னும் கையில் வாங்கவில்லை. அதைப் பற்றி நினைக்கும்போது மட்டும் மனசுக்குள் இளக்காரம் வாயை மூடிக்கொண்டது.

வடக்குக் காற்று பாயை உப்பவைத்திருந்தது. கரும்புச் சோகை எரிக்கிற வாடையும் சேற்று வாடையும் கலந்து வந்தன. கரையில் எங்கோ ஒரு நீர் இறைக்கும் இயந்திரம் டுக் டுக் என்று அடித்துக்கொண்டிருந்தது. லீவா அம்மாள் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுப் புருஷனைப் பார்த்தாள்.

"காலைல பாத்த அந்தக் கல்லறை நல்லாத்தான் இருந்துச்சு. விளக்கிச் சொல்ல ஒரு ஆளை ஏற்பாடு பண்ணியிருக்கலாம், இல்ல?"

"ஆமா, நாமளே சுத்திப் பாத்தா என்ன புரியுது?" என்றார் யோரிஸ்.

மன்ஸி சிரித்துவிட்டான். பிறகு அவர்கள் சிரிக்கவில்லை என்பதைக் கவனித்தான்.

காலையில் மணற்கல் மலையில் அந்தக் குகைக் கல்லறைக்குள் அவர்களுக்கு எழுத்தெழுத்தாய்ப் படித்துக் காட்டினவன் அவன்தான். 'உயிரோடு இருப்பவர்களே, ஆற்றின்மேல் போகிறவர்களே, வருகிறவர்களே, ஆயிரம் ரொட்டி, ஆயிரம் பீர் என்று என் பெயருக்கு வாயால் சொல்லிவிட்டுப் போங்கள்' என்று இருந்தது. பெயர் இருந்த இடத்தை மட்டும் எவனோ அந்தக் காலத்திலேயே உளியால் கொத்தி எடுத்திருந்தான். பக்கத்தில் உட்கார்ந்திருந்த உருவத்தின் முகத்தையும் விடவில்லை. "ஐயோ பாவம், யார் பேரைச் சொல்றது?" என்று லீவா அம்மாள் உருகினாள். மன்ஸிக்கு எரிச்சல். செத்தவனுக்கு என்னடி பாவம்? அந்தக் கொத்தின பள்ளத்தில் உள்ளங்கையை வைத்து அறைந்து, "பேருதானே வேணும்? மன்ஸி! என் பேரு. எனக்கு வேண்டாம், நீயே வெச்சுக்கோ" என்றான். பயணிகளுக்கு ஒரே சிரிப்பு. ஆயிரம் ரொட்டி மன்ஸிக்கு, ஆயிரம் பீர் மன்ஸிக்கு என்று மூவரும் சேர்ந்து கத்தினார்கள். கையை எடுத்தபோது பள்ளம் ஈரமாக இருந்தது. அவன் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டான்.

இப்போது எழுந்து போய் லீவா அம்மாளின் முகத்துக்கு நேரே நின்றான்.

"மேடம், நான் மேக்ஸ். என்ன விளையாட்டு இது?"

அவள் அவனுடைய நெஞ்சு வழியாகக் கரையிலிருந்த எருமைகளைப் பார்த்து, "எவ்வளவு அழகு!" என்றாள்.

மன்ஸி கீழே தன் அறைக்குப் போனான். நடக்கவில்லை, ஓடினான். கதவைத் திறந்ததும் புளித்த வாடை குப்பென்று அடித்தது. பள்ளிவாசலுக்குத் தவறாமல் போகிற படகுக்காரர்கள் இருக்கும் இடத்தில் பீர் வாடை. படுக்கை தெரியவில்லை. தரை தெரியவில்லை. ரொட்டி. இப்போது யாரும் சுடாத மாதிரியான, கூம்பு கூம்பாக நின்ற, சாம்பல் ஒட்டிய ரொட்டி, தரையிலிருந்து சன்னல்வரை அடுக்கி, ஒவ்வொன்றிலிருந்தும் ஆவி பறந்துகொண்டிருந்தது. மண்சாடிகளில் நுரை மெல்ல வெடித்துக்கொண்டிருந்த சத்தம் அந்தச் சின்ன அறைக்குள் பலபேர் உதட்டைப் பிரித்துப் பிரித்து மூடுவது மாதிரி கேட்டது.

துஸூகியின் வேலை, என்று சொல்லிப் பார்த்தான். சொல்லும்போதே அது பொய்யென்று தெரிந்தது. துஸூகிக்கு ஒழுங்காக முட்டை பொரிக்கத் தெரியாது.

செல்பேசியை எடுத்து ரஷ்வானைக் கூப்பிட்டான். மகன் எடுத்தான்.

"யாரு?"

"நான்தான்டா, அப்பா."

"யாருங்க? ஒண்ணும் கேக்கல." பிறகு யாரிடமோ திரும்பிச் சொன்னான்: "ஏதோ நம்பரும்மா, பேரே இல்லாம வருது."

செல்பேசியை அணைக்க மறந்து எங்கோ வைத்துவிட்டான். மன்ஸியின் வீடு அவன் காதில் கேட்டுக்கொண்டிருந்தது. பிள்ளை சத்தத்துக்குப் பயப்படாமல் வளர இடிக்கிற பித்தளை உரல் இடிபட்டது. பெண்கள் சிரித்தார்கள். அவன் மனைவி ஸக்கியாவின் குரல்: "மெழுகுவர்த்தி மூணையும் ஏத்தியாச்சு. முதல் ரெண்டு பேரு சரி. மூணாவதுக்கு என்னமோ சொன்னியே, அது யார் பேருடா? நம்ம குடும்பத்துல அப்படி யாரும் இல்லையே."

"தெரியலம்மா. காலைலேர்ந்து வாய்ல வந்துகிட்டே இருக்கு. மன்ஸி."

பேச்சு அறுந்துபோனது.

மன்ஸிக்குப் புரிந்துவிட்டது. பெயர் அவனுடையது இல்லை இப்போது. கொடுத்தாயிற்று. வேண்டாமென்று சொல்லி, கையால் அறைந்து, சாட்சிக்கு ஆள் வைத்துக் கொடுத்தாயிற்று. அம்மா அவனைச் சாவிடமிருந்து ஒளித்துவைத்த துணி அது. அதை உரித்து அந்த முகமில்லாதவன் மேல் போட்டுவிட்டான். இனி அந்தப் பெயரை யார் சுமந்தாலும் அவன் அந்தக் கல்லறைக்காரனின் ஆள். ஏழு நாள் பிள்ளையானாலும்.

படியேறி ஓடினான். ஸனூஸியின் தோளைப் பிடித்து உலுக்கினான். "ரய்யிஸ்! துறை வரப்போவுது. பாயைச் சுருட்டச் சொல்லு. உன் காலைப் பிடிக்கறேன்யா!" வாழ்நாளில் அவன் எவன் காலையும் பிடிப்பதாகச் சொன்னதில்லை. அந்த வெயிலில் ஸனூஸி சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டான். பிறகு முகத்தைத் திருப்பி, முதல் தடவையாக, மன்ஸியின் கண்ணுக்குள் நேராகப் பார்த்தான்.

மன்ஸிக்கு உயிர் வந்தது.

ஸனூஸி வலது கையை நெஞ்சில் வைத்தான். நிதானமாக, மரியாதையாகச் சொன்னான்: "சலாம் உங்களுக்கு, மண்ணுக்குள்ள இருக்கற சனங்களே. நீங்க முன்னாடி போயிட்டீங்க. நாங்க பின்னாடியே வர்றோம்."

இடுகாட்டைத் தாண்டும்போது படகுக்காரர்கள் சொல்வது. மன்ஸி திரும்பிக் கரையைப் பார்த்தான். இடுகாடு இல்லை. கரும்பு மட்டும்தான் நின்றது, பச்சையாக, ஆற்றோரம் நெடுக.

துஸூகி பக்கத்தில் வந்தான். "யாருக்கு ரய்யிஸ் சலாம் சொன்னீங்க?"

"தெரியலடா. சொல்லணும்னு தோணுச்சு."

ஊர் வந்தது. பள்ளிவாசல் கோபுரம், பேரீச்சை மரங்கள், நீலக் கதவு வைத்த அவன் வீடு. படகு நிற்கவில்லை. பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. நீலக் கதவு மெல்லப் பின்னால் நகரத் தொடங்கியது.

மன்ஸி குதித்தான்.

தண்ணீர் சில்லென்று இருந்தது. யாரும் கூவவில்லை. நீந்தினான். அடியில் ஏதோ அவனோடு கூடவே வந்தது. மீனில்லை. அவன் கை வீசும்போது அதுவும் வீசியது. அவன் மூச்சு வாங்க நின்றபோது அது நிற்கவில்லை. அவனுக்கு முன்னால், கரையை நோக்கி, தண்ணீர் ஒரு கோடாகப் பிளந்து போனது.

நாணலைப் பிடித்து ஏறினான். சேற்றில் காலடிகள். வெறும் கால். அவனுடையவை அல்ல. ஊரைப் பார்த்துப் போயிருந்தன.

ஓடினான். தெருநாய் குரைக்கவில்லை. எதிர்வீட்டுக்காரன் நிமிரவில்லை. நீலக் கதவு சாத்தியிருந்தது. உள்ளே உரல். பெண்கள் பாட்டு. "அம்மா பேச்சைக் கேளுடா, அப்பா பேச்சைக் கேக்காதே!" சிரிப்பு.

பிள்ளையின் அழுகை. அவன் முதல்முதலாகக் கேட்கிற அழுகை.

"வெக்காதீங்க! அந்தப் பேரை வெக்காதீங்க!"

இரண்டு கையாலும் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே விழுந்தான். அவனோடு ஆற்றுக் காற்றும் நுழைந்தது. தட்டில் நின்ற மெழுகுவர்த்திகளில் கதவோரம் இருந்த ஒன்று அணைந்தது. அடுத்ததும் அணைந்தது.

மூன்றாவது ஆடியது. நிமிர்ந்தது. நின்று எரிந்தது.

"சாத்துங்கடி கதவை, காத்து!" என்றாள் ஸக்கியா.

"மன்ஸி!" என்றான் ரஷ்வான், சந்தோஷமாக. "மன்ஸிதான் நின்னுச்சு!"

பெண்கள் குலவையிட்டார்கள். மன்ஸி பாய்ந்துபோய்த் தன் மகனின் வாயைப் பொத்தினான். விரல்களின் ஊடாகவே சொல் போய்விட்டது. நடுவீட்டில், சடங்குப்படி வெள்ளைத் துணி விரித்த சல்லடையில் கிடத்தியிருந்த பிள்ளையின் காதில், ஒரு கிழவி குனிந்து, சத்தமாக அந்தப் பெயரைச் சொன்னாள்.

குலவை நின்றது.

கிழவி நிமிர்ந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டாள். "நான் எதுக்கு இப்போ குனிஞ்சேன்?"

யாரோ கடலையை எடுத்துக் கொறித்தார்கள். பேச்சு வேறு பக்கம் போயிற்று. கரும்பு விலை. யார் வீட்டுக் கல்யாணமோ.

பிள்ளை வீறிட்டு அழுதுகொண்டிருந்தது.

மருமகள் பஸ்மா எழுந்து வந்தாள். சல்லடையைப் பார்த்தாள். "வெறும் சல்லடையை நடுவீட்ல யாரு போட்டது? கால்ல இடிக்கப்போவுது" என்று சொல்லி, அதைக் காலால் சுவரோரம் தள்ளினாள்.

மன்ஸி பேரனை வாரி எடுத்தான். சூடாக இருந்தது. என்ன கனம் இருக்கப்போகிறது, ஒரு ரொட்டியின் கனம். அதை அவள் முகத்துக்கு நேரே நீட்டினான். "பாரும்மா! உன் புள்ளை! பாரும்மா!"

பஸ்மாவின் நெஞ்சில் துணி நனையத் தொடங்கியது. ஈரம் வட்டமாகப் பரவியது. அவள் குனிந்து பார்த்தாள். விரலால் தொட்டு, மோந்து பார்த்தாள்.

"அத்தே, என் மேல என்ன கொட்டுச்சு?"

பிள்ளை வாயைத் திறந்து, கண்ணை மூடிக்கொண்டு, தலையை ஆட்டி ஆட்டி அந்த ஈரத்தைத் தேடிக் கவ்வியது.

அவள் ஈயை விரட்டுவதுபோல் கையை வீசி, அதைத் தட்டிவிட்டாள்.