கடைசியில் சாத்திய கதவு

மிங்கலா தாங்ஞுன்ட் பேட்டையில் நசீர் பாயின் மூக்குக்கண்ணாடிக் கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேருக்குக் கண்ணில் கோளாறு கிடையாது. வழக்கோடு வருவார்கள். மச்சான் வாஜிதும் அங்கேதான் உட்கார்ந்திருக்கிறான். அவனைத் தேடி ஒருவரும் வந்ததில்லை. அதில் அவனுக்கு ஓயாத வயிற்றெரிச்சல்.

அன்று தைலம்மாள் ஒரு பலகையைத் தூக்கி வந்தாள். பின்னாலேயே கருப்பையா. இருவரும் போட்டாதாங் பேட்டையில் ஒரே பட்டறையில் பெயர்ப்பலகை எழுதுகிறவர்கள். பலகையில் சிவப்பில் ஒரே ஒரு சீன எழுத்து: சதுரக் கட்டம், அதற்குள் புத்தகத்தைக் குறிக்கும் எழுத்து.

"நூலகம்னு மூணு எழுத்துல எழுதறதை ஒண்ணாச் சுருக்கி, நூறு வருஷம் முந்தி உண்டாக்குனது பாய். சீனவங்கள்லயே பல பேர் பார்த்திருக்க மாட்டாங்க. சீனச் சங்கத்துக்காக நேத்து நான் எழுதி வச்சேன். காலைல மூலையில அண்ணன் பேரு இருக்கு. இதை எழுதுனவங்களுக்குத்தான் மிச்சப் பலகை எல்லாம்னு சங்கத்துல சொல்லிட்டாங்க."

"முப்பது வருஷமா பிரஷ் பிடிக்கிறேன்," என்றார் கருப்பையா. "நேத்து வந்தவளா இதை எழுதுவா?"

வாஜித் முந்திக்கொண்டான். "கோடெல்லாம் நேர்த்தி. பழகின கை. கருப்பையா அண்ணன்தான்."

நசீர் பலகையைத் தடவிப் பார்த்தார். புத்தக எழுத்திலிருந்து ஒரு சொட்டு பெயிண்ட் வழிந்து, கட்டத்தின் அடிக்கோட்டுக்குள் புகுந்து மறைந்திருந்தது. வாஜிதும் அதைப் பார்த்தான். பெரிதாக நினைக்கவில்லை.

நசீர் இருவருக்கும் அட்டை கொடுத்து அதே எழுத்தை எழுதச் சொன்னார். கருப்பையா கட்டத்தை முழுதாகப் போட்டுவிட்டு உள்ளே நிரப்பினார். தைலம்மாள் மூன்று பக்கம் மட்டும் போட்டு, புத்தகத்தை எழுதி, அடிக்கோட்டைக் கடைசியில் இழுத்தாள்.

"ஏன் அப்படி?"

"சங்கத்து வகுப்புல பாடம் எடுக்கிற சயாமா சொல்லிக் கொடுத்தது. ஆள் உள்ள போன பிறகுதான் கதவைச் சாத்தணுமாம்."

"பலகையிலயும் கதவு கடைசியிலதான் சாத்தியிருக்கு," என்றார் நசீர். "சொட்டு மேல அடிக்கோட்டுப் பெயிண்ட் ஏறிக் கிடக்கு. கட்டத்தை முதல்லயே மூடியிருந்தா, சொட்டுதான் கோட்டு மேல கிடக்கும். கருப்பையா, நீங்க எழுத்தைப் படமாப் பார்த்து வரையறீங்க. இதை எழுதுனது தைலம்மா."

கருப்பையா பலகையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"இந்த ஊர்ல பாதி சீனப் பலகை என் கைதான். ஒரு நாள்கூட ஒருத்தரும் என்னை உள்ள வந்து படின்னு கூப்பிடல. இவளைக் கூப்பிட்டாங்க. பொறுக்கல பாய்."

மூலையிலிருந்த தன் பெயரை அவரே டர்பன்டைன் தொட்டுத் துடைத்தார். துணி எடுத்துக் கொடுத்தது வாஜித். அவர்மேல் அவனுக்குக் கோபமே வரவில்லை. சொட்டைத் தானும் பார்த்ததை அவன் கடைசிவரை யாரிடமும் சொல்லவில்லை.