மீதி இடம்

யாரும் தொடாதபோதும் நான்காம் எண் கணினியின் டிஸ்க் ஓடிக்கொண்டிருந்தது. மஹதி விசைப்பலகையிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள். மூடிய அறைக்குள் யாரோ நகத்தால் தகரத்தைச் சுரண்டுவது போன்ற சத்தம். நிற்கும், கொஞ்சம் யோசிக்கும், மறுபடி தொடங்கும். திரையில் பிரவுசர் ஒரு வெள்ளைப் பக்கத்தோடு நின்றிருந்தது. மோடத்தின் விளக்குகள் சிமிட்டவில்லை. வெளியிலிருந்து எதுவும் வரவில்லை. அப்படியானால் அது உள்ளே எதைத் தேடுகிறது?

மாலை நான்கு மணிதான். ஆனால் வடக்கு மாட வீதியில் பாத்திரக் கடைக்கு மேலிருந்த அந்த பிரவுசிங் சென்டருக்குள் எப்போதும் ஒரே பொழுது. திரையில் வெளிச்சம் விழக் கூடாதென்று ஜன்னல் கண்ணாடிகளில் கறுப்புக் காகிதம் ஒட்டியிருந்தார்கள். ஏ.சி.யிலிருந்து நனைந்த சாக்கின் வாடை வந்தது. கீழே குடங்கள் மோதும் ஓசையும் பஸ் ஹாரனும் தரையைத் துளைத்து வருவதற்குள் பாதியாகக் குறைந்திருந்தன. இந்த நேரத்தில் ஆறு தடுப்புகளிலும் ஆள் இல்லை.

"இன்னாம்மா பி.எஸ்சி. பிசிக்ஸ்! ஒரு பக்கம் தொறக்கறதுக்குள்ள வர்றவன் தலை நரைச்சிடும் போல கீதே?" உரிமையாளர் ஜவஹர் கதவருகே நின்று பாக்கு மென்றுகொண்டிருந்தார்.

"டிஸ்க் ரொம்பிடுச்சு சார். வர்ற பக்கத்தை பிரவுசர் தற்காலிகமா எழுதி வெச்சுக்க இடமில்லை. அதான் மெதுவா வருது."

"'வேண்டாம்'னு ஒரு ஃபோல்டர் கீதில்ல? தூக்கிக் கடாசு."

சென்டரின் பாதி வேலை வரன் போட்டோ. பெண் வீட்டார் போட்டோவைக் கொண்டுவந்து தருவார்கள். அதை ஸ்கேன் செய்து அமெரிக்காவிலிருக்கும் பையனுக்கு ஈமெயிலில் அனுப்ப வேண்டும். சரிப்படாது என்று பதில் வந்தால் படம் அந்த ஃபோல்டருக்குப் போகும். பெயர் வைத்தது ஜவஹர்தான். நானூற்றுப் பன்னிரண்டு பெண்கள் அதில் இருந்தார்கள்.

"யாராவது திருப்பிக் கேட்டா சார்..."

"வேணாம்னு தள்ளின மூஞ்சிய எவன் திருப்பிக் கேக்கப் போறான்?" அவர் சிரித்தார். "ஒங்க அக்கா படம் இன்னைக்குப் போணும்ல? அதுக்கும் எடம் வேணாமா?"

அது உண்மை. மாளவிகாவுக்கு முப்பத்தொன்று முடிந்திருந்தது. நியூ ஜெர்சி வரன். ஏழு மணிக்குப் பையன் வீட்டார் மஹதியின் வீட்டுக்கு போன் செய்வார்கள். அதற்குள் படம் போய்ச் சேர வேண்டும். காலையில் அம்மா மாளவிகாவின் முகத்துக்கு நேரேயே சொல்லியிருந்தாள்: "இதுவும் தட்டிப் போச்சுன்னா இந்த ஆத்துல நீ இருக்கறதுக்கு அர்த்தமே இல்லை." மாளவிகா தலை வாரிக்கொண்டிருந்தாள்.

மஹதி மொத்தத்தையும் தேர்ந்தெடுத்தாள். பெயர்கள் நீலமாக மாறி ஓடின. ஒன்றில் மட்டும் கண் நின்றது. தேவானை. ஆதம்பாக்கத்திலிருந்து வந்தவள், நீலப் புடவை, முகவாயில் மச்சம். மூன்று முறை படியேறி வந்து, "மேடம், பதில் வந்துடுச்சா?" என்று கேட்டவள். பதில் முதல் வாரமே வந்திருந்தது. முகத்தைப் பார்த்துச் சொல்லக் கூச்சப்பட்டு, மூன்று முறையும் மஹதி, "இன்னும் இல்லைங்க" என்றாள்.

அழித்தாள்.

பிரவுசர் பறந்தது. டிஸ்க் அடங்கியது. ஜவஹர் டீ குடிக்கக் கீழே போனார்.

அக்காவின் படத்தை ஸ்கேனரில் வைத்தாள். ஸ்டூடியோவில் எடுத்தது, கடுகு மஞ்சள் பட்டு, முழு உருவம். சேமித்ததும் வழக்கம்போல் அளவைப் பார்த்தாள். கோப்பு அறுபத்தொரு கே.பி. டிஸ்க்கில் அது பிடித்த இடம் அறுபத்து நான்கு.

இதில் விசேஷம் ஒன்றுமில்லை. இந்த டிஸ்க் இடத்தைச் சில்லறையாகக் கொடுக்காது, முப்பத்திரண்டு கே.பி. கொண்ட டப்பாக்களாகத்தான் கொடுக்கும். முப்பத்து மூன்று இருந்தாலும் இரண்டு டப்பா. மீதி இடம் வேறு யாருக்கும் கிடையாது. காலியாகவும் இருக்காது. அழிக்கும்போது டிஸ்க் பெயரை மட்டும்தான் எடுக்கிறது. உள்ளே இருந்தது, அதன்மேல் இன்னொன்று எழுதப்படும்வரை அப்படியே கிடக்கும். ஆனால் அது படத்தில் தெரியாது. தெரிய வழியே இல்லை.

மாளவிகாவின் பாதத்துக்குக் கீழே மெல்லிய நீலக் கோடு ஒன்று தெரிந்தது.

கண்ணாடியில் தூசி என்று நினைத்தாள். படமும் கனமாக இருந்தது. ஐம்பதைத் தாண்டினால் பாதி வழியில் லைன் அறுந்துவிடும். கீழ் ஓரத்தை வெட்டினாள், தரத்தைக் கொஞ்சம் குறைத்தாள், அதே பெயரில் சேமித்தாள். நாற்பத்தேழு. டிஸ்க்கில் அறுபத்து நான்கு.

இப்போது கோடு இல்லை. நீலப் புடவையின் கொசுவம்.

மோடத்தோடு சேராத தனி லைனில், மேஜை மேலிருந்த போன் அடித்தது.

"மஹி..." மாளவிகா. "எனக்கு என்னமோ பண்றதுடி. காலம்பற போட்டுண்ட வளையல் இப்போ ஏறவே மாட்டேங்கறது. கை என் கை மாதிரியே இல்லை."

"பதட்டம்தான் அக்கா. கொஞ்சம் படுத்துக்கோ."

"அம்மாட்ட சொன்னா திட்டுவா."

"நான் சீக்கிரம் வந்துடறேன்."

போனை வைத்தாள். ஏ.சி.யின் இரைச்சல். நனைந்த சாக்கு வாடையோடு இப்போது மல்லிகையும் தலைக்கு வைக்கும் எண்ணெயும் கலந்திருந்தன, ஒரே அறையில் நிறையப் பேர் உடுத்திக்கொண்டு காத்திருக்கும்போது வருவது போல. எழுந்து ஆறு தடுப்புகளையும் பார்த்தாள். நாற்காலிகள் மட்டும். திரும்பி வந்து, நீலம் போகும்வரை இன்னும் வெட்டினாள். இடுப்புவரை. தோள்வரை. சேமித்தாள்.

முப்பத்து மூன்று. டிஸ்க்கில் அறுபத்து நான்கு.

படம் திறந்தது. மாளவிகாவின் முகம். முகவாயில் மச்சம்.

போன் அடித்தது.

"மேடம், நான் தேவானை பேசறேன். ஆதம்பாக்கம். பதில் வந்துடுச்சா?"

அந்தக் குரலுக்குப் பின்னால், சற்று தூரத்தில், அவளுக்கு நன்றாகத் தெரிந்த ஒரு குரல் அதட்டியது.

"மாளு! யார்கிட்டடி பேசிண்டிருக்கே?"

அம்மா.

"பதில் வந்துடுச்சா?" என்றது போன். அதே தொண்டை. வேறு பெண். பிறகு இன்னொருத்தி, கொஞ்சம் வயதானவள். பிறகு, மூச்சு வாங்கிக்கொண்டு, உருதுவில் ஒருத்தி. எல்லோரும் மரியாதையாகத்தான் கேட்டார்கள்.

மஹதி போனை வைத்துவிட்டுத் திரையைப் பார்த்தாள். அறுபத்து நான்கில் மீதி மூன்று. பிறகு பதினேழு. இப்போது முப்பத்தொன்று. வெட்ட வெட்ட அவர்களுக்குத்தான் இடம் விட்டிருக்கிறாள்.

படத்தின் அளவைக் கூட்டிச் சேமித்துப் பார்த்தாள். புதிதாகச் சேர்ந்த இடமெல்லாம் நீலமாகவே சேர்ந்தது. ஸ்கேனரைத் திறந்தாள். அச்சிட்ட போட்டோவிலும் மச்சம் இருந்தது. அழித்துவிட்டால்? அழிக்கப்பட்டவர்கள் எங்கே போனார்கள் என்பதை இப்போதுதான் போனில் கேட்டாள்.

ஒரு வழி இருந்தது. வெறும் கணக்கு. கோப்பு சரியாக முப்பத்திரண்டாக இருந்தால் ஒரே டப்பா. மீதி பூஜ்யம். நிற்க யாருக்கும் இடமில்லை.

வெட்டுவதற்கு இனி ஒன்றுமில்லை. தரத்தைத்தான் குறைக்க வேண்டும். ஒரு புள்ளி குறைத்தாள். மச்சம் மங்கியது. இமை முடிகளும் போயின. இன்னொரு புள்ளி. வகிடு போனது. புருவம் பட்டையானது. படத்தில் போவது அக்காவிடமிருந்தும் போகும் என்று அவளுக்குத் தெரிந்தது. தெரிந்தே குறைத்தாள். இன்னும் நூறு பைட்தான். மூக்கின் நிழல். இன்னும் நாற்பது. உதடுகளுக்கு நடுவே இருந்த கோடு.

32,768 பைட். சரியாக முப்பத்திரண்டு கே.பி.

மீதி பூஜ்யம். நீலம் இல்லை. மச்சம் இல்லை. மல்லிகை வாடை சட்டென்று நின்றது. படத்தை ஈமெயிலில் இணைத்து அனுப்பினாள்.

"படம் போச்சா?" பாக்குப் பொட்டலத்தைப் பிரித்தபடி ஜவஹர் உள்ளே வந்தார்.

"போச்சு சார்."

"பாத்தியா, எவ்ளோ ஃபாஸ்ட்டு! குப்பையத் தூக்கினா எல்லாம் சரியாப்பூடும்."

வீட்டுக்குப் பத்து நிமிட நடை. ஓடினாள். குளக்கரையில் ஆட்டோக்காரர் ஒருவர் திட்டியது காதில் விழுந்தது. என்ன என்று புரியவில்லை. கதவைத் திறந்த அம்மாவின் முகத்தில், எத்தனையோ வருடங்களாக மஹதி பார்க்காத ஒன்று இருந்தது. சந்தோஷம்.

"மெதுவா வா. இப்பதான் போன் வந்தது. போட்டோ ரொம்பப் பிடிச்சுடுத்தாம். குரலைக் கேக்கணுமாம், கால் மணியில திருப்பிப் பண்றா."

"அக்கா எங்கே?"

"உள்ளே சமத்தா உக்காந்துண்டிருக்கா. சாயங்காலம் என்னமோ பினாத்திண்டிருந்தா, ஒரு அதட்டு போட்டேன். அப்புறம் வாயே திறக்கலை. முகம் எப்படித் தெளிஞ்சுடுத்து பாரு. ஒரு மரு, ஒரு தழும்பு இல்லை."

டியூப் லைட்டுக்குக் கீழே நாற்காலியில் மாளவிகா அமர்ந்திருந்தாள். கடுகு மஞ்சள் பட்டு. கை மடியில்.

மஹதி அந்தக் கையைப் பிடித்தாள். விரல்களுக்குள் தன் விரலை நுழைக்கப் பார்த்தாள். நுழையவில்லை. நடுவில் இடைவெளி இல்லை. சூடாக, வழவழப்பாக, ஒரே சதை.

நிமிர்ந்து பார்த்தாள்.

கண்கள் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு பழுப்புத் திட்டுகள். உதடு இருந்த இடத்தில் ஒரு சிவப்புத் திட்டு. அதில் கோடு இல்லை. பிளவு இல்லை. மூக்கின் கீழிருந்து முகவாய்வரை ஒரே தோல்.

அந்தத் தோல் உள்ளே குழிந்தது. பிறகு உப்பியது. உப்பிய இடத்தில் பற்களின் வடிவம் வரிசையாகத் தெரிந்தது.

கூடத்தில் போன் அடித்தது.

"சிரிக்கறா பாரேன்," என்றாள் அம்மா. பவுடர் பஞ்சை எடுத்து, அந்தச் சிவப்பின் மேல் மெதுவாக ஒற்றினாள்.