சிவப்புக் குல்லாக்காரர்

நாற்பத்தோராம் நாள் காலையில் டெல்பினாவின் வலது கை, இருநூற்றுச் சொச்சம் ஆண்டுகளுக்கு முன் செத்துப்போன ஓர் ஐரோப்பிய ஓவியரின் கையாகத் தேறிவிட்டது. கைபழக்கி பச்சை விளக்கைப் போட்டு வாழ்த்தியது. பொருத்தம், நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது.

கைபழக்கி என்பது முழங்கை வரை ஏறும் சாம்பல்நிறக் கையுறை. மூல ஓவியத்தில் எண்ணெய் வண்ணம் மேடுதட்டி உறைந்திருக்கும் விதத்தை வைத்து, ஓவியரின் மணிக்கட்டு எங்கே திரும்பியது, எங்கே தயங்கியது என்று கணக்கிடும். அதன்படியே நம் கையைப் பிடித்து இழுக்கும். தசை ஒருமுறை படித்துவிட்டால் ஆயுசுக்கும் மறக்காது. தூத்துக்குடியில் வீட்டுக்கு ஒன்று வந்துவிட்டது. எல்லாவற்றிலும் ஒரே பாடம்தான்: கடலில் விழும் சூரியன், இடிந்த கோபுரத்தோடு ஒரு துறைமுக நகரம், பாய்மரங்கள், முன்னால் முதுகைக் காட்டி நிற்கும் சிவப்புக் குல்லா மீனவர்.

டெல்பினாவுக்கு வேண்டியது கோபுரமல்ல, புருசன் முகம். சனிக்கிழமை இருபத்தைந்தாவது கல்யாண நாள். துறைமுகத்தில் பளுதூக்கி இயந்திரம் ஓட்டும் இன்னாசி, எந்தப் புகைப்படத்திலும் கண்ணை மூடிவிடுவார். கல்யாண ஆல்பம் முழுக்கத் தூங்குகிறார். அவர் விழித்திருக்கும் படம் ஒன்றாவது கூடத்தில் தொங்க வேண்டும்.

அவரை நாற்காலியில் உட்காரவைத்து, கையுறையைக் கழற்றிவிட்டு வரைந்தாள். தூரிகை பிசகில்லாமல் ஓடியது. இமைக்காமல் இருந்து கண் சிவந்துபோன இன்னாசி எழுந்து வந்து பார்த்தார்.

"ஏட்டி, இதுல நான் எங்க?"

"இந்தா நிக்கீங்களே."

"இது முதுகுல்லா? குல்லா வேற. நம்மூர்ல சூரியன் எப்ப கடல்ல விழுந்துச்சு?"

"நான் மூக்குலதான் ஆரம்பிச்சேன். கை கேக்க மாட்டேங்குது."

மறுபடி முயன்றாள். மூக்கு கோபுரமாக உயர்ந்து இடிந்தது. மீசை பாய்மரமாக விரிந்தது. இடது கையால் வரைந்ததில் இன்னாசி பூசணிக்காயாக வந்தார்.

நிறுவனத்துக்குப் பேசினாள். இயந்திரக் குரல் பணிவாகக் கேட்டது: "தினமும் ஒரு மணி நேரம் கையுறை இல்லாமல் சொந்தமாகக் கிறுக்கச் சொல்லியிருந்தோமே, கிறுக்கினீர்களா?"

"கிறுக்கத்தான் எனக்கே தெரியுமே! அதுக்கு எதுக்கு மெசினு?"

"உங்கள் ஊரில் எல்லோரும் இதையே சொல்கிறார்கள், அம்மா. அந்த ஓவியர் வாழ்நாளில் ஒரு முகமும் வரைந்ததில்லை. அவர் கைக்குத் தெரியாதது இனி உங்கள் கைக்கும் தெரியாது."

டெல்பினா போனை வைத்துவிட்டு அழுதாள். இன்னாசி சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனார். ஒரு மணி நேரத்தில் தலையில் சிவப்புக் குல்லாவோடு திரும்பினார்.

"உன் கை மாறலேன்னா என்ன, நான் மாறிக்கிடுதேன். நாலு கடை ஏறி எறங்கினேன். இதுதான் கடைசிக் குல்லாவாம். கடைக்காரன் வேற சிரிக்கான்."

சனிக்கிழமை விடியலில் கடற்கரைக்குப் போனார்கள். உதிக்கிற சூரியனை விழுகிற சூரியனாக வைத்துக்கொள்ளலாம் என்பது இன்னாசியின் யோசனை. அவர் கடலைப் பார்த்து, பாதத்தை அகட்டி, மீனவரைப் போலவே நின்றார். டெல்பினா வரைந்தாள். முதல்முறையாகக் கை அவள் சொன்னதைக் கேட்டது. வலது தோள் கொஞ்சம் இறங்கி, குல்லாவுக்குக் கீழே கழுத்து மடிந்து, அச்சு அசலாக இன்னாசி.

நிமிர்ந்து பார்த்தாள். கரை நெடுக, கண்ணுக்கு எட்டிய மட்டும், சிவப்புக் குல்லாப் புருசன்மார் கடலைப் பார்த்து அசையாமல் நின்றுகொண்டிருந்தார்கள். ஒவ்வொருவர் முதுகுக்குப் பின்னாலும் ஒரு பெண் வரைந்துகொண்டிருந்தாள்.

"ஏட்டி, போகும்போது ஆளு மாத்திக் கூட்டிட்டுப் போயிராத" என்றார் இன்னாசி, திரும்பாமல்.

"பேசாம நில்லுங்க."

குல்லாவை இழுத்துச் சரிசெய்துகொண்டார். பிறகு கவலையோடு கேட்டார்: "நான் கண்ண மூடலல்லா?"

டெல்பினா படத்தில் இருந்த முதுகை நன்றாகப் பார்த்தாள்.

"இல்ல. நல்லா தெறந்திருக்கு."