திரைக்கு வைத்த பொட்டு

யாரும் தொடவில்லை. ஆனாலும் மெஷினின் உளி முனை ஒரு விரற்கடை இடப்பக்கம் நகர்ந்திருந்தது.

ஆயுதபூஜை சாயங்காலம். கோச்சடை வீட்டில் கார் நிற்க வேண்டிய ஷெட்டில் மகாராஜாவாட்டம் உட்கார்ந்திருந்த சி.என்.சி. மெஷினை, கண்ணுச்சாமி கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். ரிட்டயரான பிறகு அவரே கட்டியது. கம்ப்யூட்டரில் எழுத்தை வரைந்து கொடுத்தால் பலகையில் அச்சாகச் செதுக்கும். அதற்குப் பக்கத்தில் லேப்டாப்பைக் கட்டிப்போடுவது கௌரவக் குறைச்சல் என்று, வைகையே இருகரை புரண்டு ஓடும் அளவுக்கு வியர்வை சிந்தி, ஒரு தொடுதிரையை வாங்கி வயர் கொடுத்துப் பொருத்தியிருந்தார். ஓட்டுவது, நகர்த்துவது, நிறுத்துவது எல்லாம் அந்தக் கண்ணாடியில்தான்.

சந்தேகம் நேராக மைத்துனன் பாண்டிராஜ் மேல் போனது. வாடிப்பட்டியில் பிளக்ஸ் பேனர் கடை வைத்திருப்பவன். காலையில் பூஜைக்கு வந்து, மெஷினை எட்டு ஊர் தரகன் மாட்டைப் பார்ப்பதுபோலச் சுற்றிச் சுற்றிப் பார்த்தான்.

"மச்சான், அவசரத்துக்கு நிறுத்த தனியா ஒரு செவப்பு பட்டன் வைக்கலையா?"

"எல்லாம் ஸ்கிரீன்லயே இருக்கு மாப்ள. விரல வச்சா நிக்கும்."

"பேச்சு கேக்கலைன்னா?"

"கேக்காமப் போக அது என்ன உங்க அக்காவா?"

அடுப்படியில் அழகம்மாள் கரண்டியால் பாத்திரத்தை ஓங்கித் தட்டியது ஷெட் வரை கேட்டது.

இப்போது கண்ணுச்சாமி குனிந்து பார்த்தார். திரையில், இடப்பக்கம் நகர்த்தும் அம்புக்குறி மேலேயே, ஈரம் காயாத சந்தனப் பொட்டு. நடுவில் சாய்வாக ஒரு கீறல். அழகம்மாளின் மோதிர விரலில் எப்போதோ அரிவாள்மணை போட்ட வெட்டுத் தழும்பு, அவள் வைக்கும் பொட்டிலெல்லாம் அப்படித்தான் விழும். ஈரச் சந்தனத்தை விரலென்று திரை நம்பிவிட்டது.

"ஏம்மா, ஸ்கிரீனுக்கா பொட்டு வைப்ப?"

"அதுக்கு மூஞ்சி அதுதான? வெளக்கேத்திட்டு இப்பத்தான் வச்சேன். பூஜையில வச்சத இன்னைக்கு ஓட்டாதீங்க. நாளைக்குப் பாத்துக்கலாம்."

"ஒரே ஒரு நேம் போர்டுதான்."

அடுப்படியில் தேங்காய் துருவும் சத்தம் தொடங்கியது. சரக், சரக். கண்ணுச்சாமி பொட்டைத் துடைத்துவிட்டு, வாசலில் மாட்ட வேண்டிய தேக்குப் பலகையை வைத்து மெஷினை ஓட்டினார்.

ஊதுவத்திப் புகையும் சூடேறிய மரத்தூளின் வாசனையும் கலந்து தொண்டையைக் கரகரக்க வைக்க, தகரக் கூரையில் முதல் தூறல் விட்டுவிட்டு விழ, சுழலும் உளி முனை கண்ணுச்சாமி என்று செதுக்கி, அழகம்மாள் என்றும் செதுக்கி முடித்தது. அதோடு நிற்க வேண்டும்.

நிற்கவில்லை. அவள் பேருக்குக் கீழே இறங்கியது.

தோற்றம்.

கண்ணீர் அஞ்சலி பேனரில் போடுகிற வார்த்தை. பாண்டிராஜ் தினமும் அடிக்கிற வார்த்தை. கண்ணுச்சாமி அவனுக்குப் போன் போட்டார்.

"மாப்ள, விளையாட்டுக்கும் ஒரு அளவு இருக்குடா. மெஷின்ல என்னத்த ஏத்தி விட்ட?"

"நானா? நம்ம வீட்டு விசேஷ பேனர் அடிக்கக்கூட உங்கள்ட்ட கேட்டுட்டுத்தான் அடிப்பேன். என்ன மச்சான் ஆச்சு?"

அவர் போனை வைத்துவிட்டுப் பலகையைப் பார்த்தார். தேதிக்குப் பின்னால் வருடம் விழுந்துகொண்டிருந்தது.

1957.

ஆதார், ரேஷன் கார்டு, ஜாதகம் எல்லாவற்றிலும் அவளுக்கு 1960. மாப்பிள்ளையைவிட மூத்தவள் என்று தெரிந்தால் சம்பந்தம் முறியுமென்று பெற்றவர்கள் மாற்றி எழுதியது. அவர்கள் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். தம்பிக்குக்கூடத் தெரியாது. கல்யாணமான புதிதில் அவரிடம் மட்டும் சொன்னாள். இருவரும் விடிய விடியச் சிரித்தார்கள்.

அவருக்குத் தெரியும். அவளுக்குத் தெரியும்.

உளி அடுத்த வரிக்குப் போனது.

மறைவு.

'நிறுத்து' மேல் விரலை வைத்து அழுத்தினார். நிறுத்து என்பது சிவந்தது. அதே நொடி, அவர் தொடாத மூலையில், 'தொடர்' பச்சையானது. மறுபடி அழுத்தினார். சிவப்பு. பச்சை. உள்ளங்கையால் அறைந்தார். பச்சை.

இன்றைய தேதி. இந்த மாதம். வருடம் தொடங்கிவிட்டது.

பாய்ந்து பிளக்கைப் பிடுங்கினார்.

திரை கறுத்தது. உளி சுற்றிச் சுற்றி ஓய்ந்தது. வருடத்தின் கடைசி எண் மட்டும் பாக்கி. கண்ணுச்சாமி மூச்சு விட்டார். தூறல் சத்தம் மட்டும் கேட்டது.

தூறல் மட்டும்.

துருவும் சத்தம் எப்போது நின்றது?

"அழகு?"

தூறல்.

"ஏய், அழகு!"

கறுத்த கண்ணாடியில் ஒரு சந்தனப் பொட்டு. ஈரமாக. துண்டால் துடைத்தார். போகவில்லை. நகத்தால் சுரண்டினார். வழவழவென்று கண்ணாடிதான் தட்டுப்பட்டது.

பொட்டு உள்பக்கம் இருந்தது.

நடுவில் சாய்வாகக் கீறல். யாரோ அந்தப் பக்கமிருந்து விரலை இன்னும் அழுத்துவதுபோல், பொட்டு மெல்ல மெல்ல அகன்றது. 'தொடர்' இருந்த இடத்தில்.

பிளக் அவர் கையில் தொங்கிக்கொண்டிருந்தது. உளி சுற்றத் தொடங்கியது.