சுவைலா வாசலில் ஒரு குலவை

"இன்னைக்கு ஒரு நாளாவது இவன நீயே பாத்துக்கோம்மா!"

தம்பியின் கையை அம்மாவின் கையில் திணித்துவிட்டு ரிஹாம் இரண்டடி தள்ளி நின்றுகொண்டாள். அவளுக்குப் பதினொரு வயது. தம்பி யூனிஸுக்கு ஆறு.

யூனிஸுக்குப் பிறந்ததிலிருந்தே காது கேட்காது. அதனால் கெய்ரோவின் எந்தத் தெருவில் நடந்தாலும் அவன் கை ரிஹாமின் கைக்குள்தான் இருக்கும். பின்னால் கார் ஹார்ன் அடித்தால் அவனை ஓரமாக இழுப்பது அவள் வேலை. "என்ன சொல்றாங்க?" என்று அவன் கையால் கேட்டால் கையாலேயே பதில் சொல்வதும் அவள் வேலைதான்.

அன்று வெள்ளிக்கிழமை. பழைய நகரக் கோட்டையின் சுவைலா வாசலுக்கு மேலே ஏறிப் பார்க்க வேண்டும் என்று அவள் பல மாதங்களாகக் கெஞ்சி, அம்மாவும் ஒருவழியாகக் கூட்டி வந்திருந்தாள். அங்கேயும் தம்பியை இழுத்துக்கொண்டு அலைய வேண்டுமா?

"எனக்கு முழங்கால் வலி. அந்தப் படியில என்னால ஏற முடியாது. நீ போய்ப் பாத்துட்டு வா. மேல போய் ஆடாத!" என்றாள் அம்மா.

யூனிஸ் இரண்டு விரல்களைப் படி ஏறுவது போல ஆட்டிக் காட்டினான். 'நானும் வர்றேன்' என்று அர்த்தம். ரிஹாம் அதைப் பார்க்காதது போலத் திரும்பி ஓடினாள்.

படிகள் சுற்றிச் சுற்றி மேலே போயின. சில இடங்களில் இருட்டு. சுவரைத் தடவித் தடவி ஏறினாள். திடீரென்று வெளிச்சமும் காற்றும் முகத்தில் அடித்தன. வாசலின் உச்சிக்கு வந்துவிட்டாள்.

இரண்டு பக்கமும் மினார்கள் வானத்தைத் தொட்டுக்கொண்டு நின்றன. நடுவில் இருந்த கல் தளத்தில் தமன்ஹூர் என்ற ஊரிலிருந்து சுற்றிப் பார்க்க வந்த பெண்கள் சிலர் வட்டமாக உட்கார்ந்து, பூசணி விதை கொறித்தபடி சத்தமாகச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

ரிஹாம் கைப்பிடிச் சுவரின் மேல் எக்கிக் கீழே பார்த்தாள். வாசலுக்கு எதிரே கூடாரத் துணி தைக்கும் துணிக்காரர்களின் தெரு. அதற்கு முன்னால் மூன்று பக்கத்திலிருந்தும் வண்டிகள் வந்து முட்டிக்கொள்ளும் முச்சந்தி. தலைகள், கூடைகள், கழுதை வண்டிகள், ஆட்டோக்கள். எல்லாமே பொம்மை மாதிரி இருந்தன.

அம்மா எங்கே?

அதோ, வாசலுக்கு வெளியே. ஆனால் அம்மா ஏன் இப்படிச் சுற்றிச் சுற்றித் திரும்புகிறாள்? கரும்புச்சாறு கடைக்கு ஓடினாள். அங்கிருந்து திரும்பி ஓடிவந்தாள். யாரையோ நிறுத்தி, தன் இடுப்பு உயரத்தில் கையை வைத்துக் காட்டினாள்.

அம்மாவின் கையில் யூனிஸின் கை இல்லை.

என்ன நடந்தது என்பது ரிஹாமுக்குக் கீழே இறங்கிய பிறகுதான் தெரிந்தது. வாசலின் பழைய மரக்கதவில் இருக்கும், தொட்டால் வேண்டுதல் பலிக்கும் என்று நம்பப்படும் பெரிய ஆணிகளைத் தொட்டு, கண்களை மூடி, மகனுக்காக வேண்டிக்கொண்டிருக்கிறாள் அம்மா. கண்ணைத் திறந்தபோது மகனைக் காணோம்.

'ஆரஞ்சுச் சட்டை... ஆரஞ்சுச் சட்டை...' ரிஹாமின் கண்கள் கூட்டத்தைச் சல்லடை போட்டன. அதோ ஆரஞ்சு! இல்லை, அது பந்துக் கடை. அதோ இன்னொன்று! அது தொங்கவிட்ட துணி.

பிறகு அவனைக் கண்டுபிடித்துவிட்டாள்.

முச்சந்திக்கு அந்தப் பக்கம், ஒரு ரொட்டிக்காரர் தலையில் பெரிய பலகையைச் சுமந்தபடி சைக்கிளை மெதுவாக மிதித்துக்கொண்டிருந்தார். பலகை நிறைய உப்பிய ரொட்டிகள். 'எப்படி விழாமல் நிற்கிறது?' என்று வாயைப் பிளந்தபடி அவருக்குப் பின்னால் போய்க்கொண்டிருந்தான் யூனிஸ்.

"யூனிஸ்!" என்று கத்தினாள். அடுத்த நொடியே தன் தலையில் தானே குட்டிக்கொண்டாள். "அம்மா! அம்மா! இங்க பாரு!"

அம்மாவுக்கும் கேட்கவில்லை. கீழே ஹார்ன் சத்தம், சாறு பிழியும் இயந்திரத்தின் சத்தம், ஆளுக்கு ஆள் கூவும் சத்தம்.

இறங்கி ஓடலாமா? கால்கள் படிப்பக்கம் திரும்பிவிட்டன. ஆனால் அவள் நின்றாள். இருட்டுப் படியில் இறங்குவதற்குள் அவன் எங்கே போயிருப்பானோ! கீழே போய்விட்டால் அவளும் அம்மாவைப் போலத்தான். எதுவும் தெரியாது. இப்போது அவன் இருக்கும் இடம் தெரிந்த ஒரே ஆள் அவள்தான்.

'கண்ண எடுக்கக் கூடாது. கண்ண மட்டும் எடுக்கக் கூடாது.'

"என்னடி கண்ணு, எதுக்கு இப்பிடிக் கத்துற?" கொழுத்த உடம்பும் கறுப்பு அங்கியுமாக ஒரு பெண் எழுந்து வந்தாள். மற்றவர்கள் அவளைத் தவ்ஹீதா என்று கூப்பிட்டார்கள்.

"என் தம்பி, அத்தை! அதோ, ரொட்டிக்காரர் பின்னாடி! தொலஞ்சு போயிட்டான். அவனுக்குக் காது கேக்காது!"

"காது கேக்காதா? பின்ன எதுக்குடி பேரச் சொல்லிக் கூப்புடுற?"

"தெரியல, அத்தை!" ரிஹாமுக்கு அழுகை வந்தது.

ஒரு பெண் உடனே செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு படியை நோக்கி ஓடினாள். மற்றவர்கள் சுவருக்கு வந்து கத்தினார்கள். "ஏ ரொட்டிக்காரரே! பின்னாடி பாருய்யா! அந்தப் புள்ளயப் புடிங்க!"

ஒருவர்கூட நிமிர்ந்து பார்க்கவில்லை. அந்தத் தெருவில் யாராவது எதற்காவது கத்திக்கொண்டேதான் இருப்பார்கள். அதற்கெல்லாம் யார் திரும்புவார்கள்?

அப்போதுதான் அந்த லாரி வந்தது.

கூடாரக் கம்பங்களை ஏற்றிய பழைய லாரி ஒன்று சந்திலிருந்து பின்பக்கமாகவே முச்சந்திக்குள் வந்துகொண்டிருந்தது. ஓட்டுநர் விடாமல் ஹார்ன் அடித்தார். கூட்டம் விலகியது. கழுதைகூட விலகியது. யூனிஸ் மட்டும் ரொட்டிப் பலகையை அண்ணாந்து பார்த்தபடியே நடந்தான்.

'அவனுக்கு ஹார்ன் கேக்காது. கத்துனாலும் கேக்காது. அவனுக்கு என்னதான் தெரியும்?'

ரிஹாமுக்குச் சட்டென்று தோன்றியது. முகங்கள்! யூனிஸ் எப்போதும் முகங்களைத்தான் பார்ப்பான். எல்லோரும் சிரித்தால் அவனும் சிரிப்பான். எல்லோரும் ஒரு பக்கம் பார்த்தால் அவனும் அங்கே பார்ப்பான்.

"அத்தை! குலவ போடுங்க!"

"என்னது? குலவையா? இங்க யாருக்குடி கல்யாணம்?"

"கல்யாணம்னு நெனச்சா தெருவே மேல பாக்கும்! எல்லாரும் பாத்தா அவனும் பாப்பான்! போடுங்க அத்தை, சீக்கிரம்!"

தவ்ஹீதா வாயிலிருந்த விதைத்தோலைத் துப்பினாள். உதட்டை ஈரமாக்கிக்கொண்டாள். கையை வாயருகே கொண்டுபோனாள்.

"லூலூலூலூலூலூலூ!"

அடுத்தவள் சேர்ந்துகொண்டாள். அதற்கடுத்தவளும். எல்லாக் குரல்களும் ஒன்றாகி, இரண்டு மினார்களுக்கு நடுவிலிருந்து தெருவின் மேல் கொட்டின.

சாறு கடைக்காரர் கோப்பையைக் கையில் பிடித்தபடி நிமிர்ந்தார். துணிக்காரர் ஊசியோடு வெளியே வந்தார். "மணப்பொண்ணு எங்க? மணப்பொண்ணு எங்க?" என்று யாரோ கேட்டார்கள். ரொட்டிக்காரர் ஒரு காலைத் தரையில் ஊன்றி, பலகையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, கழுத்தைத் திருப்ப முடியாமல் கண்களை மட்டும் மேலே உருட்டினார்.

யூனிஸ் அவரைப் பார்த்தான். பக்கத்தில் இருந்தவர்களின் முகங்களைப் பார்த்தான். எல்லா முகங்களும் மேலே திரும்பியிருந்தன.

அவனும் மேலே பார்த்தான்.

அக்கா!

அவன் முகம் மலர்ந்தது. இரண்டு கைகளையும் ஆட்டினான். பிறகு அக்காவை நோக்கி ஓட ஆரம்பித்தான். நேராக, குறுக்கே, லாரி வரும் வழியில்.

"ஐயோ!" என்றாள் தவ்ஹீதா. குலவை நின்றுபோனது.

ரிஹாம் கத்தவில்லை. அவளுடைய இரண்டு கைகளும் தாமாகவே தலைமேல் போயின.

வீட்டில் அவர்கள் இரண்டு பேரும் 'சிலை' என்று ஒரு விளையாட்டு விளையாடுவார்கள். ஒருவர் தலையில் கை வைத்தால் மற்றவரும் உடனே தலையில் கை வைத்துச் சிலையாக நிற்க வேண்டும். யார் முதலில் கையை இறக்குகிறாரோ அவர் தோற்றவர். யூனிஸ் இதுவரை தோற்றதே இல்லை. சாப்பாடு ஆறிப்போனாலும் அசைய மாட்டான்.

முச்சந்தியின் நடுவே யூனிஸ் சட்டென்று நின்றான். கைகளைத் தலையில் வைத்தான்.

லாரி அவனுக்கும் ரிஹாமுக்கும் நடுவில் வந்தது. கம்பங்களின் நுனி அவன் இருந்த பக்கமாக நீட்டிக்கொண்டு போனது. ஆரஞ்சுச் சட்டை மறைந்துவிட்டது.

எதுவும் தெரியவில்லை. லாரி மட்டும் மெதுவாக, மிக மெதுவாக நகர்ந்தது. ரிஹாமின் கண்ணீர் வழிந்து மூக்கு நுனியில் தொங்கியது. துடைக்கக் கையை இறக்கவில்லை.

லாரி போய்விட்டது.

யூனிஸ் அங்கேயே நின்றுகொண்டிருந்தான். தலையில் கை. முகத்தில், 'நீ எவ்வளவு நேரம் நிப்ப, பாக்கலாம்' என்ற குறும்பு.

"அல்ஹம்துலில்லாஹ்!" என்று தவ்ஹீதா அத்தை சுவரின்மேல் சாய்ந்தாள்.

ஆனால் இன்னும் முடியவில்லை. கீழே தெரு முழுவதும் மேலே பார்த்ததால் அம்மாவும் மேலே பார்த்திருந்தாள். அவளுக்குத் தெரிந்தது மகள் மட்டும்தான். உயரத்தில், தலையில் கை வைத்துக்கொண்டு, அழுதபடி நிற்கும் மகள்.

அம்மா தன் கன்னங்களில் அறைந்துகொண்டு கீழே உட்கார்ந்துவிட்டாள்.

"ஐயையோ, அம்மா தப்பா நெனச்சுக்கிச்சு!" என்று ரிஹாம் பதறினாள். "அத்தை, என்னால கைய எறக்க முடியாது. எறக்குனா அவன் ஓடி வந்துடுவான். நீங்க காட்டுங்க அத்தை! அதோ அதுதான் எங்கம்மா, பச்ச முக்காடு!"

"ஏ பச்ச முக்காடு!" தவ்ஹீதாவின் குரல் வாசல் கல்லையே அதிரவைத்தது. "அழாதம்மா! ஒம் புள்ள அதோ! அதோ நிக்கிறான் பாரு!"

பெண்கள் எல்லோரும் ஒரே திசையில் கையை நீட்டினார்கள். ரிஹாமோ கண்ணீர் வழிய வழிய, பல் முழுவதும் தெரியும்படி அம்மாவைப் பார்த்துச் சிரித்தாள். அவளால் செய்ய முடிந்தது அது ஒன்றுதான்.

அம்மா அந்தச் சிரிப்பைப் பார்த்தாள். நீட்டிய கைகளைப் பார்த்தாள். திரும்பினாள். முழங்கால் வலியெல்லாம் எங்கே போனதோ, ஆட்டோக்களுக்கு நடுவே புகுந்து ஒரே ஓட்டமாக ஓடி மகனை வாரித் தூக்கிக்கொண்டாள்.

அப்புறம்தான் ரிஹாம் கைகளை இறக்கினாள். அவை மரத்துப்போயிருந்தன.

அவள் இறங்கி வந்தபோது வாசலடியில் சிறிய கூட்டமே கூடியிருந்தது. அம்மா ஒரு கையால் அவளை இறுக்கி அணைத்து, "மேல போய் ஆடாதன்னுதானே சொன்னேன், பாவி! என் உசுரே போயிடுச்சு!" என்று திட்டினாள். திட்டிவிட்டு முத்தம் கொடுத்தாள். மறுபடியும் திட்டினாள்.

"சரி, மணப்பொண்ணு எங்கம்மா?" என்று சாறு கடைக்காரர் இன்னும் எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பொண்ணு இன்னும் கெடைக்கல. மாப்பிள்ள மட்டும் ரெடி!" என்று தவ்ஹீதா அத்தை யூனிஸின் கன்னத்தைக் கிள்ளினாள். "மாப்பிள்ளைக்கு ஒரு கோப்ப சாறு ஊத்துய்யா!"

யூனிஸ் சாற்றைக் கவனிக்கவே இல்லை. அம்மாவின் இடுப்பிலிருந்தபடி அக்காவைச் சுட்டினான். பிறகு இரண்டு கைகளையும் தலையிலிருந்து கீழே விழவிட்டுக் காட்டினான். 'நீதான் முதல்ல எறக்குன. நீ தோத்துட்ட!'

அதைச் சாறு கடைக்காரரிடம் சொன்னான். ரொட்டிக்காரரிடம் சொன்னான். தவ்ஹீதா அத்தையிடம் இரண்டு முறை சொன்னான். ஒவ்வொரு முறையும் 'இல்லையா?' என்று அக்காவைத் திரும்பிப் பார்த்தான்.

"ஆமா, தோத்துட்டேன்" என்று ஒவ்வொரு முறையும் கையால் சொன்னாள் ரிஹாம், சிரிப்பை அடக்க முடியாமல்.