முன்பேரம் போன நான்கு பீய்ச்சிகள்

எழவு வீட்டுக்குப் போனால் புஷ்பக்கனி முதலில் விசாரிப்பது காரைத்தான். அவள் மேல் குற்றமில்லை, வேலை அப்படி. துளி வாரியத்தின் மாற்றுநருக்கு யாரும் நாற்காலி போடுவதில்லை. ஷெட் சாவியைக் கொடுத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள்.

பெட்ரோல் வற்றிப்போன விருதுநகரில் எல்லா வாசலிலும் கார் நிற்கும்; ஓடுவது நூற்றுப் பன்னிரண்டு மட்டும். ஊருக்கு அத்தனை செட் எரிநீர்ப் பீய்ச்சிகள்தான் அனுமதி. இன்ஜினுக்குள் பெட்ரோலைத் தெளிப்பது அதுதான்; பழைய ஆட்கள் இன்ஜெக்டர் என்பார்கள். ஒவ்வொரு செட்டும் ஒரு நோயாளியின் பேரில். வாரம் இரண்டு தடவை அவரை ஏற்றிக்கொண்டு கார் மதுரை ஆஸ்பத்திரிக்குப் போய்வரும். கூட இன்னொரு நோயாளியை ஏற்றினால் செட்டையே பறித்துவிடுவார்கள். ஆள் இறந்தால் அன்றைக்கே மாற்றுநர் நான்கு பீய்ச்சிகளையும் கழற்றி, வரிசையில் அடுத்தவர் காரில் மாட்ட வேண்டும். சீக்கிரம் ஒப்படைக்கும் குடும்பத்துக்கு ஒரு சலுகையும் உண்டு: வீட்டில் வேறு நோயாளி இருந்தால் அவர் வரிசையில் பத்து இடம் முன்னே போகலாம்.

அன்று காலை வந்த உத்தரவில் கழற்ற வேண்டிய இடம், மண்டித் தெருவில் பருப்பு மண்டி தவசிலிங்கம் அண்ணாச்சி வீடு. மாட்ட வேண்டிய இடத்தை அவள் இரண்டு தடவை படித்தாள். அவளுடைய சொந்த வீடு. ஏழு மாதமாக அவள் கணவன் கனகவேல் வரிசையில் நிற்கிறான். நிற்கிறான் என்பது பேச்சுக்கு, படுத்தேதான் கிடக்கிறான். வெள்ளிக்கிழமைக்குள் ரத்தத்தைச் சுத்தம் செய்யாவிட்டால் தாங்காது என்று டாக்டர் சொல்லியிருந்தார். இன்று புதன்.

கேட்டிலேயே நின்று வாரியம் கொடுத்த கைப்பலகைத் திரையில் 'உடல் கண்டேன்' பொத்தானை அழுத்திவிட்டாள். விதிப்படி உள்ளே போய்ப் பார்த்த பிறகு அழுத்த வேண்டியது. அழுகிற வீட்டில் புகுந்து துணியை விலக்கிப் பார்க்க யாருக்கு மனசு வரும்? மாற்றுநர்கள் எல்லாருமே கேட்டில்தான் அழுத்துவார்கள். பந்தல் இல்லை, சங்கு இல்லை என்பது கண்ணில் படத்தான் செய்தது. அதற்கு மேல் அவள் யோசிக்கவில்லை.

ஷெட்டில் பம்ப் ஃப்யூஸைப் பிடுங்கிவிட்டு இன்ஜினை ஓடவிட்டாள். குழாயில் மிச்சமிருந்ததைக் குடித்து, இரண்டு முறை இருமி, அது நின்றது. அழுத்தம் இறங்கிவிட்டது. பேட்டரியைத் துண்டித்து, ஒயர் முனைகளை உருவி, போல்ட்டுகளைக் கழற்றி, பீய்ச்சிகளோடு குழாயை அசைத்து அசைத்து மேலே எடுத்தாள். பழைய ரப்பர் வளையங்கள் பிய்ந்து வந்தன. நாலாவது பீய்ச்சியைத் துணியில் சுற்றும்போது மறுபடியும் இருமல் கேட்டது. இன்ஜின் இல்லை. வீட்டுக்குள்ளிருந்து.

அவள் எட்டிப் பார்த்தபோது உள்ளறைக் கட்டிலில் தவசிலிங்கம் அண்ணாச்சி உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தார்.

"வா தாயி. செத்தவனுக்குக் காப்பி கொடுத்தாச்சு. உனக்கு?"

அவர் மகன் மாரீஸ்வரன் சுவரைப் பார்த்துப் பேசினான். "நேத்து ராத்திரி தாண்டாதுன்னு டாக்டர் சொல்லிட்டாருக்கா. நினைவே இல்ல. அம்மாவுக்கும் கிட்னி போயிட்டிருக்கு. பத்து இடம் முன்ன போகுமேன்னு... முன்கூட்டியே பதிஞ்சுட்டேன்."

"எம்மகன்ல! சரக்கு இறங்குமுன்னே வித்துட்டான்" என்றார் அண்ணாச்சி. "நானும் பருப்புல நாப்பது வருஷம் முன்பேரம் போட்டவன்தானே." சிரிப்பாக ஆரம்பித்தது இருமலில் முடிந்தது.

"பதிவை ரத்து பண்ண முடியாதாக்கா?"

முடியும். மாலை ஆறு மணிக்குள் மாற்றுநர் 'உயிர் உண்டு' என்று அழுத்தினால் போதும். பீய்ச்சிகளை இதே காரில் திரும்ப மாட்டலாம். அவள் பையில் புது வளையங்கள் ஒரு செட் இருந்தது. ஒரே செட். அடுத்தது அடுத்த மாதம்தான் வரும்.

அவள் வாயைத் திறக்கவில்லை. எதிராளியின் கண்ணைப் பார்த்தே கொள்விலையைக் கண்டுபிடித்த மனுஷன் அவளை உற்றுப் பார்த்தார்.

"அடுத்தது யாரு? உன் வீட்டுக்காரனா?"

தலையசைத்தாள். மாரீஸ்வரன் அறையை விட்டு வெளியே போனான்.

"ஒரு மாசம் விடு தாயி. மாரியம்மன் கோயில் பங்குனிப் பொங்கல் பாத்துட்டுப் போறேன்."

"ஒரு மாசம் அவருக்குக் கிடையாது அண்ணாச்சி."

"பதினஞ்சு நாள்."

அவள் துணியில் சுற்றிய பீய்ச்சிகளைப் பைக்குள் வைத்தாள்.

"சரி, உன் பேச்சும் வேண்டாம் என் பேச்சும் வேண்டாம். நாளைக்கு ஒரே ஒரு தடவை போயிட்டு வந்துருதேன். வெள்ளி விடிய நீ கழட்டிக்க."

"வளையம் ஒரு செட்டுதான் இருக்கு. இப்ப வர்ற ரப்பர் ஒரு தடவை சூடானா உப்பிரும். மறுபடி உக்காராது. பழசைப் போட்டா பெட்ரோல் கசிஞ்சு வண்டியே பத்திக்கும்."

அண்ணாச்சி டம்ளரைக் கீழே வைத்தார். இன்னொரு விலை சொல்லப் போகிறவர் போல வாயைத் திறந்தார். பிறகு மூடிக்கொண்டார்.

"பேசாம நிக்கிறவங்ககிட்ட மட்டும்தான் நான் தோத்திருக்கேன். எடுத்துட்டுப் போ. ஆனா ஒண்ணு. உன் வீட்டுக்காரன் கேட்டா அண்ணாச்சி செத்துட்டாருன்னு சொல்லாத. வித்துட்டாருன்னு சொல்லு."

மதியத்துக்கு மேல் அவள் தன் வீட்டுக் காரின் நான்கு துளைகளிலிருந்தும் தக்கைகளைப் பிடுங்கினாள். வளையங்களில் எண்ணெய் தடவி, பீய்ச்சிகளைத் திருகாமல் நேராக அழுத்தி உட்கார வைத்தாள். போல்ட்டுகளை முறுக்கி, ஃப்யூஸைச் செருகி, சாவியை இரண்டு தடவை போட்டு அணைத்துக் கசிவு பார்த்தாள். ஒரு சொட்டு இல்லை. சுத்தமான வேலை.

கனகவேல் இஸ்திரி போட்ட சட்டையோடு முன்சீட்டில் இருந்தான். துக்கப்படுவதா சந்தோஷப்படுவதா என்று பிடிபடாத முகம்.

"நல்ல மனுஷன். எத்தனை மணிக்கு எடுக்காங்களாம்? போற வழிதான, ஒரு மாலை போட்டுட்டுப் போயிருவோம்."

அண்ணாச்சி சொல்லச் சொன்ன வார்த்தை தொண்டை வரை வந்தது. கைப்பலகையில் மணி மூன்றே முக்கால். ஆறு மணிக்கு இன்னும் நேரம் இருந்தது.

"நேரமாச்சுங்க" என்றாள்.

முதல் திருப்பிலேயே இன்ஜின் பிடித்துக்கொண்டது. மண்டித் தெருவை விட்டுச் சுற்றிப் போனால் இரண்டு கிலோமீட்டர் கூடுதல். வாழ்நாளெல்லாம் ஒரு சொட்டுப் பெட்ரோலைக்கூட வீணாக்காத புஷ்பக்கனி சுற்றித்தான் போனாள்.